வேகம் அவன், சிக்கனம் நான்

ஆம்பூரில் வெள்ளிக்கிழமை மதிய இடைவேளை மற்ற நாட்களைவிட நீளம். ஷூ கம்பெனியில் முதலாளி தொடங்கி பாதிப் பேர் ஜும்மா தொழுகைக்குப் போய்விடுவார்கள். டிசைன் பிரிவில் மிச்சமிருப்பது நாங்கள் இரண்டு பேர். ஒருவன், வேலூரிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் நான். கிறிஸ்தவ வாத்தியார் வீட்டுப் பிள்ளை. இன்னொருவன் குடியாத்தத்தில் பவர்லூம் வைத்து லுங்கி நெய்யும் வீட்டிலிருந்து வந்தவன். ஷூ வரைய வாங்கிய கம்ப்யூட்டரில் அந்த நேரத்தில் நாங்கள் ராஜ்யம் கட்டிக்கொண்டிருந்தோம். இரண்டாயிரத்தைத் தாண்டிய வருடங்கள் அவை. கேம் சிடி அவன் சென்னையிலிருந்து வாங்கிவந்தது.

ஆட்டம் தொடங்கும்போது ஒரு தலைவனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒவ்வொரு தலைவனுக்கும் இரண்டு குணங்கள். ஒருவனிடம் புது ஊர் அமைக்கும் ஆட்கள் சீக்கிரம் தயாராவார்கள். ஒருவனிடம் ஊர்களின் பராமரிப்புச் செலவு குறைவு. ஒருவன் சண்டைக்காரன். பக்கத்து ராஜாக்கள் நிலத்தை வளைப்பதற்குள் நாம் எத்தனை ஊர் அமைக்கிறோம் என்பதில்தான் வெற்றி. என் நண்பன் எப்போதும் இரண்டு குணமும் வேகமாகவே உள்ள தலைவனைத்தான் எடுப்பான். ஐந்தாறு ஊர் மளமளவென்று முளைக்கும். அப்புறம் கஜானா காலியாகி, படை கலைந்து, கண்டவனும் உள்ளே வருவான்.

"இன்னாடா இது, ஒரே பேஜாரா போச்சு" என்று மௌஸைத் தள்ளுவான்.

"வேகம் ஒண்ணு போதும்டா. கூட செலவு கம்மி பண்ற குணமும் இருக்கிறவன எடு. ஊரு கட்டினா மட்டும் போதுமா, அதுக்குத் தீனி போட வேணாமா?" என்றேன்.

வேண்டாவெறுப்பாக எடுத்தான். தொழுகை முடிந்து வந்தவர்கள் எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தபோது வரைபடத்தில் பாதி எங்கள் நிறமாக இருந்தது. அதிலிருந்து இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஆட்டத்தைச் சேர்ந்து ஆடினோம். ஊர் அமைப்பது அவன், கணக்குப் பார்ப்பது நான். அவன் கை பறக்கும்போதெல்லாம் "பொறு" என்பேன். பொறுப்பான், திட்டிக்கொண்டே.

தனியாகத் தொழில் செய்யலாம் என்ற பேச்சை எடுத்ததும் அவன்தான். பெரிய கம்பெனிகளுக்கு அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட். "ஆர்டர் புடிக்கிறது, ஆள் சேக்கிறது நான். மிச்சம் நீ. நம்மள மாதிரி ஜோடி எவன் கிட்டடா இருக்குது?" என்றான். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. அடுத்தவன் ஷூவை வரைந்தே கிழவனாகிவிடுவேனோ என்று பயந்துகொண்டிருந்த எனக்கு அதுதான் ஒரே வழி. அவன் முதலில் வேலையை விட்டான். முதல் ஆர்டர் கைக்கு வந்ததும் நான் விடுவதாக ஏற்பாடு. ஷெட் எங்கே, மெஷின் புதிதா பழையதா, கரண்ட் போனால் என்ன செய்வது என்று ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை முடிந்த கையோடு குடியாத்தம் பஸ் ஏறி, அவன் வீட்டு லூம் சத்தத்துக்கு நடுவே கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்தேன்.

ஆர்டர் வந்தது. கூட்டாளியாக அவன் மச்சான் வந்தான். நியாயம் கேட்கப் போனேன்.

"அவனும் என்னிய மாதிரி ஓடுறவன்டா. ஆரம்பத்துல வேகந்தான் வேணும். நீ எதுக்கெடுத்தாலும் பொறு பொறுன்னுவே. கொஞ்சம் பெருசாவட்டும், அப்புறம் வா."

எத்தனை வெள்ளிக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து ஆடினவன்! வேகமும் வேகமும் சேர்ந்திருக்கிறது, கவிழட்டும் என்று காத்திருந்தேன். பஸ்ஸில் யாராவது ஜாப் ஒர்க் யூனிட் மூடியதைப் பற்றிப் பேசினால் காதைத் தீட்டிக்கொள்வேன். வேறு யார் யாருடையதோ மூடியது. அவனுடையது மூடவில்லை. இரண்டாவது ஷெட் போட்டான்.

கம்பெனி வேலையாக ஒருமுறை அங்கே போக வேண்டி வந்தது. இன்னொரு வரிசை மெஷின் இறக்கலாம் என்று மச்சான் குதித்துக்கொண்டிருந்தான். "பொறு. இருக்கிற வரிசை அது செலவ அதுவே பாக்கட்டும்" என்றான் என் நண்பன். ஆளில்லாத வரிசையின் ஃபேனை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தான். அது என் பேச்சு, என் நிதானம். பக்கத்தில் உட்காரவைத்து நானே ஊட்டிவிட்டது. இரண்டு குணமும் அவனிடம் சேர்ந்துவிட்டன. இனி நான் எதற்கு? அவனிடமிருந்து எனக்கு ஒரு துளி வேகம்கூட ஒட்டவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் கசக்கிறது.

டீ வாங்கிக் கொடுத்தான். "பேர்ணாம்பட்டுல மூணாவது ஷெட் போடறேன். பாத்துக்க ஒரு ஆள் வேணும். நீ வர்றியாடா?"

கூட்டாளியாக அல்ல, சம்பளத்துக்கு. உள்ளே கொதித்தது. ஆனாலும் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அப்போதும் எனக்கு அந்தக் கம்பெனியை விட்டு வெளியே வந்தால் போதும் என்றுதான் இருந்தது.

"யோசிச்சி சொல்றேன்" என்றேன்.

யோசிக்க ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன். சரி என்று சொல்லப் போன் செய்தபோது, ஆள் போட்டுவிட்டதாகச் சொன்னான்.