மீன்வாடிக்கு வந்த விமானி

மகன் கல்முனைக் கடையில் வாங்கிவந்த படக்கதைப் புத்தகத்தை விரித்ததும் அச்சு மை மணத்தது. என் சிறுவயதில் பத்திரிகையில் நாளுக்கு மூன்று கட்டமாக வந்த அதே விமானி, இப்போது வழவழத்த தாளில், நிறங்களோடு, முன்னைவிட இளமையாகத் திரும்பி வந்திருக்கிறான்.

அந்த நாளில் அவனுக்கு நிறமில்லை. கடற்கரையில் வாப்பாவின் மீன்வாடிக் கொட்டகைக்குள், ஈர வலையும் கருவாடும் மணக்க, எழுத்துத் தெரியாத வலைகாரர்களுக்கு என் அண்ணன், எங்கள் காக்கா, அவனை உரத்து வாசிப்பார், விமானம் இரைவதையும் வாயாலேயே செய்வார், அந்த நேரம் மட்டும் கிழிந்த வலைகளைத் தைக்கும் கைகள் அப்படியே நின்றுவிடும்.

"பொறகு என்னவாம் தம்பி?" என்று அவர்களில் மூத்தவரான மீராசா மாமா கேட்பார்.

"நாளைக்குத்தான் மாமா தெரியும்."

கடல் ஊருக்குள் புகுந்த காலையில் வாடி போனது. வாப்பாவும் காக்காவும் போனார்கள். மிஞ்சிய நாங்கள் பாடசாலையொன்றில் அகதிகளாக இருந்தபோது, பாண் ரொட்டி சுற்றிவந்த பத்திரிகைத் தாளில் விமானியின் படத்தைக் கண்ட மாமா, அதை என்னிடம் நீட்டினார்.

"வாசி புள்ள."

வாசித்தேன். விமானம் வரும் இடத்தில், என்னையறியாமல், காக்காவைப் போலவே இரைந்தேன்.

"போதும் புள்ள. அவன்ட குரல் வருது" என்றார் மாமா.

தாளை என் கையிலிருந்து வாங்கி, அதிலேயே முகத்தைப் பொத்திக்கொண்டார்.