இடுப்பில்லாத குளவி

ஒரு பூச்சிக்காக என் சின்னம்மா கூடப்பிறந்த அக்காவோடேயே முகம் கொடுத்துக் கதைக்காமல் இருந்தார். அந்த அக்கா என் அம்மா. பூச்சி, எங்கள் அன்புவழிபுரம் வீட்டு ரோசாச் செடியில் குடியிருந்தது. செம்மஞ்சள் வயிறு, கறுத்த இறக்கை. அதன் புழுக்கள் நரம்பை மட்டும் மிச்சம் வைத்து இலைகளைத் தின்றன. மாதா சுரூபத்துக்குப் பூ வைக்கவென்று அம்மா வளர்த்த செடி அது. மருந்து அடித்தே தீருவேன் என்று நின்றார்.

சின்னம்மா விடவில்லை. வீட்டில் குளவி கூடு கட்டினால் பிள்ளை உண்டாகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. கலியாணமாகிப் பல வருடமாகியும் பிள்ளையில்லாமல், வருகிறவர் போகிறவரின் கேள்விகளைச் சிரித்தே சமாளித்தவர் அவர். வந்திருப்பது குளவிதான், கூடு கட்ட இடம் பார்க்கிறது என்று முடிவெடுத்துவிட்டார். சீனன்குடாவில் வேலை முடிந்து வரும் சித்தப்பாவையும் செடியடிக்குக் கூட்டிப்போய்க் காட்டுவார். பாவம் மனிதர், தலையாட்டுவார்.

கம்பசில் விவசாயம் படித்த அண்ணன் லீவில் வந்ததும் வழக்கு அவரிடம் போனது. ஒரு பூச்சியைப் போத்தலில் பிடித்து, போன் கமராவில் பெருப்பித்து எனக்குக் காட்டினார். குளவிக்கு நெஞ்சும் வயிறும் சேருமிடம் நூல்போல ஒடுங்கியிருக்கும். இதற்கோ இடுப்பே இல்லை. உணர்கொம்பில் மூன்றே துண்டு, கடைசித் துண்டுதான் நீளம். அதை வைத்தே எந்தக் குடும்பமென்று சொல்லிவிடலாமாம். பெயர் வாள் ஈ. பெட்டையின் வாலடியில் தச்சர் மரம் அறுக்கிற வாள்போலச் சின்னதாக ஒன்று இருக்கிறது. அதால் தண்டைக் கீறித்தான் முட்டை வைக்கும்.

சின்னம்மாவிடம் மெதுவாகச் சொல்லுவோம் என்றார் அண்ணன். நான் எங்கே கேட்டேன்! குசினிக்குள் ஓடி, "சின்னம்மா, அது குளவி இல்லை. அதுக்கு இடுப்பு இல்லை" என்றேன்.

சின்னம்மாவின் முகம் வாடிப்போனது. கழுவின கோப்பையையே திரும்பவும் கழுவினார். பிறகு, பின்னால் வந்த அண்ணனிடம், "குளவிக்குச் சொந்தமெண்டாலும் இல்லையோ தம்பி?" என்று கேட்டார்.

"ஓம் சின்னம்மா, சொந்தம்தான்" என்றார் அண்ணன். அவருக்கு இளகின மனசு.

குசினி வாசலில் நின்று கேட்ட அம்மாவுக்கு அந்தச் சொந்தம் போதவில்லை. அங்கேயே மருந்துப் போத்தலைத் திறந்தார். மணம் பட்டதும் சின்னம்மா வாயைப் பொத்திக்கொண்டு கிணற்றடிக்கு ஓடிச் சத்தியெடுத்தார். அம்மா பின்னாலேயே போய் முதுகைத் தடவி, காதுக்குள் ஏதோ கேட்டார். சின்னம்மா அழுதுகொண்டே தலையசைத்தார். அம்மா திரும்பி வந்து போத்தலை இறுக்கி மூடி, அலுமாரிக்கு மேலே வைத்தார்.

"அது இருக்கட்டும். வேணுமெண்டதைத் தின்னட்டும்."

எனக்குப் பொல்லாத கோபம். "அதுக்குத்தான் இடுப்பு இல்லையே அம்மா."

"கொஞ்ச நாளில உன்ர சின்னம்மாவுக்கும் இராது" என்று அம்மா சிரித்தார். சின்னம்மாவும் அம்மாவைக் கட்டிக்கொண்டு சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பூச்சிதான் சின்னம்மாவைக் கடித்துவிட்டது என்று பயந்துபோனேன். அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முதல் வேலையாக அவரின் இடுப்பைத்தான் பார்ப்பேன். அம்மா சொன்னபடியே அது வரவரக் காணாமல் போய்க்கொண்டிருந்தது. வீட்டில் ஒருவரும் கவலைப்படாததுதான் எனக்கு விளங்கவில்லை.