கடை விளையாட்டு

அமெரிக்காவின் மில்வாக்கியில் நகரப் பேருந்து ஓட்டும் ஒர்லீனுக்கு ஒரே மகள், நாலு வயது டேவி. வீட்டில் டேவிக்கு வாய் ஓயாது; கொதிக்கிற சோளக்கஞ்சியோடுகூட வழக்காடுவாள். வாசலைத் தாண்டினால் பெட்டிப் பாம்பு. அப்படிப் பழக்கியதே ஒர்லீன்தான்.

கறுப்புப் பிள்ளை கடையில் ஒரு பொம்மையைத் தொட்டால் போதும், காவலாளி பின்னாலேயே வந்துவிடுவான்; அடுத்தது போலீஸ், துப்பாக்கி. அதனால் வீட்டிலேயே ஒரு பயிற்சி. ஒர்லீன் கடைக்காரியாக நின்று, "எடுத்துக்கோ கண்ணு, யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க" என்று ஆசை காட்டுவாள். டேவி வாய் திறக்கக் கூடாது, கோட்டுப் பைக்குள் விட்ட கையை எடுக்கக் கூடாது. ஜெயித்தால் கன்னத்தில் முத்தம். இந்தக் கொடுமையைச் செல்லமாகக் கற்றுக்கொடுக்க வேண்டிய பிழைப்பு!

இன்று பள்ளிக்கூடத்தில் டேவிக்குச் சோதனை. தேறினால் மற்ற பிள்ளைகளோடு வகுப்பு. தேறாவிட்டால், மந்தம் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கான தனி அறை. அந்த அறைக்குள் போன பிள்ளை திரும்பி வந்ததை ஒர்லீனின் தெருவில் யாரும் பார்த்ததில்லை.

சோதிக்கும் வெள்ளைக்கார அம்மாள் ஹால்வர்சனுக்குச் சிரித்த முகம். மேசைமேல் மரக்கட்டைகளைக் கொட்டினாள்.

"எடுத்துக்கோ கண்ணு. இஷ்டம்போல வீடு கட்டு."

டேவியின் கைகள் பைக்குள் போயின.

"இது என்ன கலரு?"

டேவி உதட்டை இறுக மூடிக்கொண்டாள். ஒர்லீன் மகளின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"சொல்லுடி! வீட்ல அந்தக் கத்து கத்துவியே, அந்த வாய் எங்க போச்சு? கட்டையை எடு. நெஜமாத்தான் சொல்றேன்."

டேவி கள்ளச் சிரிப்புச் சிரித்தாள். அம்மா ஆசை காட்டுகிறாள், ஏமாறக் கூடாது. கையை இன்னும் ஆழமாக விட்டுக்கொண்டு, கன்னத்தைக் காட்டினாள்.

பிள்ளை கடை விளையாட்டு ஆடுகிறாள் என்று ஒர்லீனுக்கு அப்போதுதான் புரிந்தது.

"பரவால்லம்மா," என்றாள் ஹால்வர்சன். "இவளை மாதிரிக் குழந்தைங்களுக்குத் தனி வகுப்புதான் தோதுப்படும்."

"இவளை மாதிரின்னா? எந்த மாதிரிங்க?"

ஹால்வர்சன் காகிதத்தில் எதையோ எழுதத் தொடங்கினாள். இனி வாதாடிப் பயனில்லை. தானே செய்து காட்டினால் பிள்ளைக்குப் புரியும் என்று, ஒர்லீன் கட்டைகளை அள்ளி ஒன்றன்மேல் ஒன்றாக வைக்க ஆரம்பித்தாள்.

டேவியின் சிரிப்பு நின்றுபோனது. மறுநொடி அலறினாள்.

"தொடாதேம்மா! வச்சிரு! அந்தம்மா போலீஸைக் கூப்பிட்டுருவாங்க! உன்னைச் சுட்டுருவாங்கம்மா!"

ஹால்வர்சன் எழுதுவதை நிறுத்தினாள். எழுதியதைக் குறுக்காக அடித்தாள்.

"நல்லாத்தான் பேசுறா," என்றாள் கடைசியில். "எல்லாரோடயும் சேர்த்துக்கலாம்."

எதற்காக வந்தாளோ அது கிடைத்துவிட்டது. ஒர்லீன் மகளைக் கட்டிக்கொண்டு, அந்த அம்மாள் பார்க்கிறாளே என்றுகூட இல்லாமல், வாய்விட்டு அழுதாள்.