பிலோமினா டீச்சர் நோட்டை மூடிய சனிக்கிழமை

செவ்வாய்க்கிழமை காலை என் மளிகைக் கடையில் துவரம்பருப்பு மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தபோது டீச்சரின் தங்கை மகள் ரோசி போனில் அழைத்தாள். "பாய், பெரியம்மா போயிட்டாங்க" என்றாள். நெஞ்சில் சளி கட்டி மூன்று வாரமாக ஆஸ்பத்திரியில் இருந்தவர். ஞாயிற்றுக்கிழமை நான் பார்க்கப் போனபோதுகூட, மூச்சு வாங்க வாங்க, புது உளுந்து எப்படி வந்திருக்கிறது என்று விசாரித்தார். தேறிவிடுவார் என்று நினைத்துத்தான் வீடு திரும்பியிருந்தேன்.

டீச்சர் என்று நாங்கள் சொன்னாலும் அவர் திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் கல்லூரியில் வரலாறு நடத்திய பேராசிரியர். அவரிடம் படித்தவர்கள் அவருடைய வகுப்பைப் பற்றி எழுதுவார்கள். நான் பத்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டு மளிகை வியாபாரத்துக்கு வந்தவன். எனக்குத் தெரிந்தது ஓய்வு பெற்ற பிறகான டீச்சரை மட்டும்தான். அதனால் அந்த ஏழெட்டு வருடங்களைப் பற்றியே இங்கே சொல்கிறேன்.

கன்னிவாடிப் பக்கம் மலையடிவாரத்தில் பளியர் என்ற பழங்குடியினரின் குடியிருப்பு ஒன்று இருக்கிறது. காட்டில் தேனும் கடுக்காயும் கல்பாசியும் எடுத்து விற்றுப் பிழைத்தவர்கள். ஒரு ஐப்பசி மழையில் மேலிருந்து மண் சரிந்து அங்கே பாதி வீடுகள் விழுந்தன. மண் சரிவைக் காரணம் காட்டி, அவர்கள் காட்டுக்குப் போகும் பாதையையும் வனத்துறையினர் அடைத்துவிட்டார்கள். பிழைப்புக்கு வழியில்லாமல் போன அந்தக் குடும்பங்களுக்கு வாராவாரம் மளிகை கொடுக்க நகரத்தில் சில நல்ல மனிதர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள். பொறுப்பை டீச்சரிடம் கொடுத்தார்கள். அதற்காகத்தான் அவர் முதல்முதலாக என் கடைக்கு வந்தார்.

வந்தவர் உட்காரவில்லை. தானம் கொடுக்கிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் அரிசியை எடுத்துக் காட்டினேன். நாலு அரிசியை வாயில் போட்டு மென்றுவிட்டு, "பாய், இது உங்க வீட்டுல பொங்குற அரிசியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப உங்க வீட்டுல பொங்குறதக் குடுங்க" என்றார். முப்பது வருட வியாபாரத்தில் அப்படி ஒரு கேள்வியை நான் சந்தித்ததில்லை. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

மூன்று மாதத்துக்கு என்று தொடங்கியது நான்கு வருடம் நடந்தது. சனிக்கிழமை காலையில் என் வேன் கிளம்பும். பெரும்பாலும் நானும் கூடப் போவேன். புளியமரத்தடியில் ஒரு நாற்காலி போட்டு, நீளமான நோட்டு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு டீச்சர் பெயர் வாசிப்பார். ஒவ்வொருவராக வந்து வாங்கிக்கொண்டு போவார்கள். எந்த வீட்டில் எத்தனை பேர், யாருக்கு ரத்தசோகை, எந்தக் குழந்தை எடை குறைவு என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். தேயிலை குறைவாகத்தான் கொடுப்பார். கேழ்வரகைக் கூட்டிக் கொடுப்பார். வெற்றிலை, புகையிலைக்கு இடமே கிடையாது. யாராவது டார்ச் லைட் கேட்டால், அதைவிட அவசியமானது என்ன என்று விளக்கிச் சொல்லி அனுப்பிவிடுவார். குரலில் கொஞ்சம் கண்டிப்பு இருக்கும். அவர் அன்பில் செய்கிறார் என்பது எல்லாருக்கும் தெரியும். எனக்கும் அதில் தப்பாக ஒன்றும் படவில்லை.

அந்தப் பயணங்களில்தான் பீக்வாட் என்ற பெயரை நான் கேள்விப்பட்டேன். அமெரிக்காவின் பூர்வகுடிகளில் ஒரு சிறிய சமூகம். வெள்ளையர்கள் தொடுத்த போரில் பெரும்பாலோர் அழிந்து, மிஞ்சியவர்கள் ஒரு துண்டு நிலத்தில் ஒதுங்கி வாழ்ந்திருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவர்களுக்கு அரசாங்கம் ஒரு காப்பாளரை நியமித்ததாம். அவர்களுடைய நிலத்தைக் குத்தகைக்கு விடுவதும், அவர்கள் காட்டு மரத்தை விற்பதும் அந்தக் காப்பாளர்தான். அதில் வருவதைக் கொண்டு அவர்களுக்கு மாவு, இறைச்சி, தேயிலை, துணி, செருப்பு, வைத்தியம், செத்தால் சவப்பெட்டி என்று கொடுத்து, இன்னாருக்கு இன்னது என்று எழுதி வைப்பார்களாம். அந்தப் பழைய தாள்களைப் படமெடுத்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். டீச்சர் ஓய்வு பெற்ற பிறகு கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு அவற்றைப் படித்து வந்தார்.

"அவுங்க சொத்துல இருந்து அவுங்களுக்கே அளந்து குடுத்திருக்காங்க பாய்" என்று ஒருநாள் வேனில் கோபமாகச் சொன்னார். அந்தக் காப்பாளர் கெட்டவரா என்று கேட்டேன். சிலர் கெட்டவர்கள், சிலர் நல்லவர்கள், அது முக்கியமில்லை என்றார். பக்கம் பக்கமாகப் படித்தாலும் கொடுத்தவர் எழுத்துதான் கண்ணில் படுகிறது, வாங்கிய பெண்கள் என்ன நினைத்தார்கள் என்று ஒரு வரி இல்லை என்பதுதான் அவருடைய துக்கம். எங்கள் காப்பாளரை மாற்றுங்கள் என்று அந்த மக்கள் கொடுத்த மனுக்களில் மட்டும்தான் அவர்கள் குரல் கொஞ்சம் கேட்கிறதாம்.

நான்காவது வருடம் ஒரு சனிக்கிழமை நாங்கள் போனபோது குடியிருப்பில் ஒரு சாவு. பொன்னுத்தாய் என்ற பெண்ணின் மாமியார் முந்தின நாள் மாலை இறந்திருந்தார். பொன்னுத்தாய்க்கு நாற்பது வயதிருக்கும். அதிகம் பேசாதவர். அன்று டீச்சரிடம் வந்து, வேனைக் கன்னிவாடி வரை அனுப்பி ஒரு கோடித்துணியும் வெற்றிலை புகையிலையும் வாங்கிவரச் சொல்ல முடியுமா என்று கேட்டார். வெற்றிலை புகையிலை இறந்தவர் கையில் வைத்து அனுப்புவதற்கு. துணி வாங்கலாம், புகையிலை வேண்டாம் என்றார் டீச்சர். "அதுலதான அவுங்க நெஞ்சே கெட்டுச்சு" என்றும் சொன்னார்.

பொன்னுத்தாய் கோபப்படவில்லை. டீச்சர் மடியிலிருந்த நோட்டைப் பார்த்தபடி நின்றார்.

"உசுரோட இருக்கையில எங்கத்தை நீங்க குடுத்ததத்தான் தின்னுச்சு. செத்ததுக்கப்புறமும் உங்களக் கேட்டுத்தான் போகணுமா டீச்சரம்மா?"

டீச்சர் டிரைவரை அனுப்பிக் கேட்டதையெல்லாம் வாங்கிவரச் சொன்னார். அடக்கம் முடியும்வரை தள்ளி நின்றிருந்தார். திரும்பும் வழியில் ரெட்டியார்சத்திரம் தாண்டியதும், "பாய், நான் படிச்சுக் கோவப்பட்டேன்ல, அதே நோட்டத்தான் நானும் எழுதிக்கிட்டு இருக்கேன்" என்றார். அப்படியெல்லாம் இல்லை, நீங்கள் நல்லதுதானே செய்கிறீர்கள் என்றேன். "நல்லதுதான். அவுங்களக் கேட்டுச் செய்யலியே" என்றார்.

அடுத்த சனிக்கிழமை அவர் நாற்காலியில் உட்காரவில்லை. நோட்டைத் திறக்கவும் இல்லை. மூடியபடியே என்னிடம் கொடுத்துவிட்டார். மூட்டைகளை மொத்தமாக இறக்கிவைக்கச் சொன்னார். எல்லாரும் பெயர் வாசிப்பதற்காகக் காத்திருந்தார்கள். டீச்சர் தரையில் உட்கார்ந்து, "இம்புட்டு நாளா உங்களுக்கு என்ன வேணும்னு நானே முடிவு பண்ணேன். அது தப்பு. மன்னிச்சுக்கங்க. என்ன வேணும்னு நீங்க சொல்லுங்க" என்றார்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்குச் சங்கடமாகி ஏதோ சொல்லப் போனேன். டீச்சர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். எவ்வளவு நேரம் போனதென்று தெரியாது. கடைசியில் பொன்னுத்தாய்தான் பேசினார். "அரிசி வேணாம்னு சொல்லல டீச்சரம்மா. மலைப்பாதையத் தொறந்து விடச் சொல்லுங்க. அரிசிய நாங்களே வாங்கிக்கிருவோம்."

அங்கிருந்து தொடங்கியது மனு வேலை. டீச்சர் நினைத்தால் அரை மணி நேரத்தில் அருமையாக எழுதியிருப்பார். எழுதவில்லை. மூன்று சனிக்கிழமை அவர்கள் சொல்லச் சொல்ல, சொன்ன வார்த்தையிலேயே எழுதினார். எந்தப் பாறையில் தேன் எடுப்போம், எந்த மாசத்தில் எடுக்கமாட்டோம், எந்த ஓடையில் எங்கள் சாமி இருக்கிறது என்று அதில் இருந்தது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனுவைப் பார்த்த அதிகாரி, இதை முறையாக எழுதியிருக்கலாமே என்றார். அவர்கள் பேசியதை அப்படியே எழுதியிருக்கிறோம், சந்தேகமிருந்தால் அவர்களையே கேளுங்கள் என்று சொல்லிவிட்டு டீச்சர் கதவோரம் போய் நின்றுகொண்டார். பொன்னுத்தாய் முதலில் திணறினார், பிறகு பேசினார். டீச்சர் ஒரு வார்த்தைகூட எடுத்துக் கொடுக்கவில்லை. பிடிவாதக்காரர்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுத ஆசைதான். மனு கொடுத்ததைக் கேள்விப்பட்ட குழுவினர், நாங்கள் சோறு போட வந்தோம், வழக்குக்கு வரவில்லை என்று ஒதுங்கிவிட்டார்கள். அதன்பிறகு குடியிருப்பில் கஷ்டம்தான். டீச்சரும் நானும் முடிந்ததை அனுப்பினோம், அது போதவில்லை. ஒரு குடும்பம் வத்தலக்குண்டுக்கு மேலே எஸ்டேட் வேலைக்குப் போனது, இன்றுவரை திரும்பவில்லை. அங்கிருந்த ஒரு பெரியவர், "நீங்க பேசாம அரிசியக் குடுத்திருக்கலாம்" என்று டீச்சரின் முகத்துக்கு நேராகச் சொன்னார். அவர் சொல்வதும் நியாயம்தான் என்று டீச்சர் வேனில் என்னிடம் சொன்னார். போன குடும்பத்தைப் பற்றிக் கேட்பதை அவர் கடைசிவரை விடவில்லை.

ஒன்றரை வருடம் கழித்துப் பாதை திறந்தது. அவர்கள் கேட்ட இடம் முழுவதும் கிடைக்கவில்லை. மேல் ஓடைப் பக்கம் இன்னும் தடைதான். ஆனாலும் அந்தச் சித்திரையில் பொன்னுத்தாய் பஸ் ஏறி என் கடைக்கே வந்தார். தேனை விற்றுவிட்டு வந்திருந்தார். வேண்டியதை ஒவ்வொன்றாகச் சொல்லி வாங்கினார். பருப்பை மாற்றித் தரச் சொன்னார். அவர் போனதும் நான் டீச்சருக்குப் போன் செய்தேன். "என்ன வாங்குனாங்க பாய்?" என்று ஆவலாகக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், "வேணாம், சொல்லாதீங்க. அது எனக்கெதுக்கு?" என்று சிரித்தார்.

புதன்கிழமை மாலை கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். படித்த பிள்ளைகள், கூட வேலை பார்த்தவர்கள் என்று நல்ல கூட்டம். மலையடிவாரத்திலிருந்து வேன் பிடித்துப் பதினொரு பேர் வந்திருந்தார்கள். எல்லாரும் ஒரு பிடி மண் போட்டபோது பொன்னுத்தாயும் போட்டார். அருகில் நின்ற ரோசியிடம், "எங்களுக்குக் குடுத்தவுங்க நெறையப் பேரு. மன்னிச்சுக்கங்கன்னு எங்ககிட்டச் சொன்னது உங்க பெரியம்மா ஒருத்தங்கதான்" என்றார். ரோசி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று யோசித்துப் பார்க்கிறேன். அவர் படித்த புத்தகங்களை நான் படிக்கப் போவதில்லை. அவருடைய துணிச்சலும் எனக்கு வராது. கேட்டுவிட்டுக் காத்திருக்கும் பழக்கம் ஒன்றுதான் ஒட்டிக்கொண்டது. வடமதுரை ரோட்டில் ஒரு முதியோர் இல்லத்துக்குப் பல வருடமாக என் கடைச் சாமான்தான் போகிறது. பட்டியல் மேனேஜரிடமிருந்து வரும், நான் அனுப்பிவிடுவேன். டீச்சர் இறந்த அதே வாரத்தில் நானே வேனோடு அங்கே போனேன். மேனேஜரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு உள்ளே போய், ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம், சாப்பாட்டுக்கு உங்களுக்கு என்ன வேணும்யா என்று கேட்டேன். எல்லாம் இருக்கு தம்பி, எல்லாம் இருக்கு என்றார். நான் போகவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் ஜன்னல் வழியே ரோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் ரோட்டைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போல என் பக்கம் குனிந்து, "கருவாடு" என்றார்.