மதிவதனி அளந்த கிணறுகள்

கிணற்று மேட்டில் குப்புறப் படுத்துக்கொண்டு, நுனியில் பழைய பூட்டு கட்டிய நைலான் கயிற்றை மெல்ல இறக்குகிறாள் மதிவதனி. பூட்டு தண்ணீரைத் தொட்ட சத்தம் கேட்டதும் கயிற்றை விரலால் இறுக்கிப் பிடித்து, "இழுப்பா" என்கிறாள். அப்பா ஆதிமூலம் கயிற்றை வெளியே இழுத்துத் தரையில் நீட்டி, டேப் வைத்து அளந்து சொல்கிறார். கீழ்பென்னாத்தூரைச் சுற்றி மொத்தம் நாற்பத்தொரு கிணறுகள். ஞாயிறுதோறும் பத்துப் பத்தாக இரண்டு வருடமாய் அளக்கிறார்கள்.

மற்ற நாட்களில் அவள் செங்கம் சாலையில் ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் இருப்பாள். அங்கே மாத வாடகைக்கு இருப்பவன் நான். எந்த அறையில் குழாய் சொட்டினாலும் மாடியேறிப் போய் மூடுவாள். "தண்ணி என்ன உங்க ஊர்ல இருந்தா வருது?" என்று, மலை சுற்ற வந்து தங்கும் வெள்ளைக்காரர்களைத் தமிழிலேயே திட்டுவாள். அவர்கள் ஏதோ வாழ்த்து என்று நினைத்துக் கைகூப்புவார்கள்.

ஜியாலஜி படித்தவள். நிலத்தடி நீரைப் பற்றி மேற்படிப்புக்கு ஜெர்மனி போக வேண்டும் என்பது ஆசை. ஏன் இதைப் படிக்க வருகிறாய் என்று அங்கே கட்டுரை கேட்கிறார்கள். இரண்டு பக்கம் எழுதினாள். ஏரிக்குப் பக்கத்துக் கிணறுகள்தான் முதலில் வற்றுகின்றன, ஏன் என்று எனக்குத் தெரியவில்லை, அதைக் கற்கத்தான் வருகிறேன் என்று முடித்திருந்தாள். படித்துவிட்டு ஒரு வார்த்தையைக்கூட மாற்றாதே என்றேன்.

பேருந்து நிலையத்துக்கு அருகே மாடியில் வெளிநாட்டுப் படிப்புக்கு விண்ணப்பம் போட்டுத் தரும் சுரேஷ்குமார் அதை மாற்றிவிட்டார். விண்ணப்பிக்கக் கடைசி நாளன்று காலையில் அவர் அனுப்பியதை அச்செடுத்து வந்து என் முன்னால் போட்டாள். ஒரு கிணறுகூட அதில் இல்லை. புனித மலையடிவாரம், விளக்கில்லாத குடிசை, வறட்சியில் மனமுடைந்து உயிரை விட்ட விவசாயி அப்பா!

"எங்கப்பாவ சாவடிச்சிட்டான் சார்" என்றாள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இந்த ஊர்ப் பெண் தன் அறிவைக் காட்டி இடம் கேட்கக் கூடாதாம். அழுது காட்டித்தான் கேட்க வேண்டுமாம். யார் வைத்த சட்டம் இது? இரண்டு வருட உழைப்பைக் குப்பையில் போட்டுவிட்டு, அதற்கு மெருகேற்றுவது என்று பெயர் வேறு!

மாலை ஐந்து மணிக்குள் அனுப்பியாக வேண்டும். வயலில் இருந்த அப்பாவையும் வரவழைத்தாள். மூவருமாகப் படியேறினோம்.

"கெணத்துக் கணக்க யாரும்மா படிப்பாங்க? படிக்கிறவனுக்குக் கண்ணு கலங்கணும். எல்லாருக்கும் இப்டித்தான் போடறோம்" என்றார் சுரேஷ்குமார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இவருதாங்க நீங்க சாவடிச்ச ஆளு."

அப்போதுதான் அவர் நிமிர்ந்து பார்த்தார். ஆதிமூலம் செருப்பைப் படிக்கட்டிலேயே விட்டுவிட்டுக் கதவோரம் நின்றிருந்தார்.

"இருக்கட்டும்மா" என்றார் அவர் மெதுவாக. "நான் செத்தாதான் சீட்டு கெடைக்கும்னா எழுதிட்டுப் போவட்டும். பேப்பர்லதானே."

அவளுக்கு வந்த கோபத்தை அதுவரை நான் பார்த்ததில்லை. "நீ சும்மா இருப்பா" என்று சீறினாள். அவருக்கு யாரும் காட்டாத நாற்காலியை இழுத்து சுரேஷ்குமாருக்கு நேர் எதிரே போட்டாள். "மொதல்ல உக்காரு."

அவர் நுனியில் உட்கார்ந்தார். அவள் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, அந்தக் கட்டுரையை முழுதாக அழித்துத் தன்னுடையதை ஏற்றினாள். போன ஞாயிறு அளந்தது மட்டும் அதில் இன்னும் சேரவில்லை.

"நம்ம கெணறு எத்தினி அடிப்பா?"

"முப்பத்தெட்டும்மா. ரெண்டடி எறங்கிடுச்சி."

"சத்தமா சொல்லு."

"முப்பத்தெட்டு!"

சுரேஷ்குமாரைப் பார்த்துக்கொண்டே அவள் அந்த எண்ணைத் தட்டி அனுப்பினாள்.