விற்றுத் தீர்ந்த ஒரே புத்தகம்

குன்னூரில் நான் புத்தகம் வாங்கப் போகும் சிறு பதிப்பகத்தை நடத்தியவர் குல்லா போட்ட ஒல்லி மனிதர். மழைக்காலத்தில் புத்தகத்தைக் கன்னத்தில் வைத்து ஈரம் பார்த்த பிறகே விற்பார். அவர் வெளியிட்டவற்றில், சிலோனிலிருந்து திரும்பிய தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் பாட்டுத் தொகுப்பு மட்டுமே விற்றுத் தீர்ந்தது. பாட்டுகளில் அங்குள்ள தோட்டங்களின் பெயர்கள் வருவதால், தாங்கள் அங்கிருந்து வந்ததற்கு மறுவாழ்வு அலுவலகத்தில் அத்தாட்சியாகக் காட்டலாம் என்று நம்பி அந்தத் தொழிலாளர்களே வாங்கினார்கள். அலுவலகம் அதை ஏற்கவில்லை.

“மறுபடி அச்சடித்தால் பதிப்பகம் பிழைக்குமே,” என்றேன்.

“செல்லாதுன்னு தெரிஞ்சும் விக்கறது ஏமாத்துங்க,” என்றார்.

அப்போது ஒரு தோட்டத் தொழிலாளப் பெண் வந்து அந்தப் புத்தகத்தைக் கேட்டார்.

“அது ஆபீசுல செல்லாதுங்க அம்மா.”

“செல்லாட்டி போகட்டுங்க. நான் பொறந்த தோட்டம் அதுல இருக்குதாமே.”

 மறுபதிப்பு வரவில்லை, பதிப்பகத்தையும் அவர் மூடிவிட்டார். மறுபடி அச்சடிக்க அந்தப் பெண் சொன்னது அவருக்கு ஏன் போதவில்லை என்று எனக்கு இன்றும் புரியவில்லை.