மரம் விழுந்த காரின் விலை

மழையில் வேரோடு சாய்ந்த படாக் மரம், எங்கள் வீட்டு வாசலில் நின்ற பழைய காரின் மேல் விழுந்தது. கூரை இருக்கைவரை அமுங்கிவிட்டது. காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து வந்து பார்த்தவர் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்துவிட்டு, இனி இதைச் சரிசெய்ய முடியாது, டோட்டல் லாஸ் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்பாவுக்கு அப்போது கார் நிக்கோபார் தீவில் அரசாங்க வேலை. நாங்கள் போர்ட் பிளேருக்கு வெளியே, வண்டூர் போகும் சாலையில் குடியிருந்தோம். தம்பிக்கு மூச்சிழுப்பு வந்தால் போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்கு அம்மாதான் காரை ஓட்டிக்கொண்டு போவாள். கம்பெனி தருவதாகச் சொன்ன தொகைக்கு ஒரு ஸ்கூட்டர் வேண்டுமானால் வாங்கலாம்.

"தர்றதை வாங்கிக்க. அவங்களோட மல்லுக்கு நிக்க முடியாது" என்றார் அப்பா போனில். அம்மா போனை வைத்துவிட்டுப் பாலிசியை எடுத்துப் பையில் வைத்தாள். எனக்குப் பள்ளி விடுமுறை. தம்பியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, போர்ட் பிளேரில் இருந்த கம்பெனி அலுவலகத்துக்கு என்னோடு பஸ் ஏறினாள்.

அலுவலகத்தில் எங்களை உட்காரச் சொன்ன வங்காளி அதிகாரி என் வகுப்புத் தோழியின் அப்பா. அப்போதே திரும்பிப் போய்விடலாம் போலிருந்தது எனக்கு.

அம்மா இந்தியில் ஆரம்பித்தாள். இந்தியில் வண்டி பெண்பால் என்பதால் 'மேரி காடி' என்று சொல்ல வேண்டியதை 'மேரா காடி, மேரா காடி' என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். நான் இந்தியில் வகுப்பிலேயே முதல் மாணவி. அம்மா ஒவ்வொரு முறை தப்பாகச் சொன்னபோதும், விடுமுறை முடிந்ததும் என் தோழி அதைப் பள்ளியில் மற்றவர்களிடம் சொல்லிக் காட்டப்போவது இப்போதே என் காதில் கேட்டது.

"பழைய கார், மேடம். மெயின்லேண்டில் இந்த மாடல் இந்த விலைக்குத்தான் போகிறது" என்றார் அவர், பொறுமையாகவே.

"மெயின்லேண்ட் கார் இங்க நீந்தியா வரும், சாப்? கப்பல் கூலி யார் குடுப்பா? இந்த விலைக்குப் போர்ட் பிளேர்ல ஒரு கார் காட்டுங்க, நானே வாங்கிக்கறேன்."

பக்கத்து மேஜைகளில் சிரித்தார்கள். அவர் தேய்மானம் என்று ஏதோ சொல்ல வந்தார். அம்மாவின் குரல் உயர்ந்தது.

"பாலிசியில ஒரு மதிப்பு போட்டுத்தானே பிரீமியம் வாங்கினீங்க? அப்ப அது பழைய காரா தெரியலையா? மரம் விழுந்த அன்னைக்குத்தான் பழசாச்சா?"

எல்லோரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். நான் மெல்ல எழுந்து ஜன்னலோரம் போய், வேறு யாருடனோ வந்தவள்போலத் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதிகாரி என் பக்கம் திரும்பி, "நீ என் மகளோடு படிக்கிற பெண்தானே?" என்றார். அலுவலகம் முழுக்க இப்போது என்னைப் பார்த்தது. தலையை மட்டும் ஆட்டினேன்.

அவர் எழுந்து மேனேஜர் அறைக்குள் போனார். திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று. பாலிசியில் இருக்கும் மதிப்பையே தருவதாகவும், உடைந்த காரைக் கம்பெனியே எடுத்துக்கொள்ளும் என்றும் சொன்னார். அம்மா "டீக் ஹை" என்று மட்டும் சொல்லி எழுந்தாள்.

இனிமேல் என்னை எங்கும் கூட்டிக்கொண்டு வராதே என்று சொல்வதற்காகவே நான் முன்னால் படியிறங்கிக் காத்திருந்தேன். அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தாள். கீழே டீக்கடையில் தண்ணீர் கேட்டு வாங்கினாள். டம்ளர் பல்லில் இடித்துப் புடவையெல்லாம் நனைந்தது. கோபம் இன்னும் அடங்கவில்லை என்று நினைத்தேன். கடைக்காரர் சில்லறை குறைத்துக் கொடுத்தால்கூடக் கேட்கக் கூசித் திரும்பி வருகிறவள் அவள்.

"ரொம்பச் சத்தமாவா பேசிட்டேன்?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றேன்.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வியர்த்துவிட்டது போல என்று நினைத்து, பஸ் வருகிறதா என்று பார்க்க நான் சாலைக்குப் போனேன்.